அப்பாவின் நோட்டுப் புத்தகம்

நம் சங்கத்தின் ஆண்டு விழாவாகட்டும், யார் வீட்டுச் சீமந்தமாகட்டும், பந்தியில் உட்கார்ந்தால் இப்போதெல்லாம் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். பாயசத் தூக்கோடு வருகிறவர் என் இலைக்கு முன்னால் வந்ததும் சற்றுக் குனிந்து, காதோடு காதாக, "மாமா, ஷுகரா?" என்று கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து இலைக்காரர், "அவருக்கு உண்டு, அவருக்கு உண்டு, போடாதேள்" என்று எனக்காகப் பதில் சொல்லி விடுவார். ஏதோ பத்து ஏக்கர் நிலம் உண்டு என்பது போல! பாயசம் தாண்டிப் போய்விடும். அந்த நண்பர் மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் கொள்வார். இரண்டு வருஷம் கழித்து அவருக்கும் "உண்டு" ஆகியிருக்கும்.

எனக்கு 1994-லிருந்து உண்டு. என் தகப்பனாருக்கு 1956-லிருந்து, 1979-ல் அவர் காலமாகும் வரை இருந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த வியாதியோடு குடித்தனம் செய்திருக்கிறோம். ரயில்வே கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கல்கத்தாவில் இருப்பவனுக்குக் கிடைத்த பாக்கியமாக, அலிப்பூர் தேசிய நூலகத்துக்குச் சில வருஷங்கள் போய் வந்து கொண்டிருந்தேன். கோயில் கல்வெட்டு, குலவரலாறு என்று படிக்கத்தான் போனேன். ஆனால் அந்தந்தக் காலத்தில் சர்க்கரை வியாதிக்காரனுக்கு எதைச் சாப்பிடக் கொடுத்தார்கள், எதைப் பிடுங்கிக் கொண்டார்கள் என்று தேடுவதிலேயே என் பொழுது போயிற்று. நான் டாக்டர் இல்லை. இதில் வைத்தியக் குறிப்பு எதையும் வாசகர்கள் தேட வேண்டாம். இது சாப்பாட்டின் சரித்திரம், கொஞ்சம் எங்கள் வீட்டுச் சரித்திரமும் கூட.

நம் முன்னோர்கள் இதைப் பிரமேகம் என்றார்கள். இருபது வகை சொல்லி, முற்றினால் மதுமேகம் என்று பெயரிட்டார்கள். சிறுநீரை எறும்பு மொய்ப்பதைக் கவனித்திருந்தார்கள். சரகர் இதற்குக் காரணங்களை அடுக்கும் இடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சுகமாக உட்கார்ந்திருப்பது, சுகமாகத் தூங்குவது, தயிர், பால், புது அரிசி, வெல்லத்தில் செய்த பண்டங்கள் என்று போகிறது அந்தப் பட்டியல். புது அரிசி, பால், வெல்லம் மூன்றையும் ஒரே வெண்கலப் பானையில் போட்டுக் கொதிக்க வைத்து, "பொங்கலோ பொங்கல்" என்று கூவி, மேலே நெய்யையும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் தூங்குகிற ஒரு நாளை நாம் வருஷா வருஷம் கொண்டாடுகிறோம். ராத்திரிக்குத் தயிர் சாதம். சரகரின் பட்டியலில் நாம் எதையும் விட்டு வைக்கவில்லை.

சுச்ருதர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். பிறவியிலேயே வருவது, தகாத ஆகாரத்தால் வருவது என்று இரண்டாகப் பிரிக்கிறார். முதல் வகைக்காரன் மெலிந்திருப்பான், இரண்டாவது வகைக்காரன் பருத்திருப்பான் என்கிறார். இன்றைய டாக்டர்களின் முதல் வகை, இரண்டாம் வகைப் பிரிவினைக்கு இது எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று வியக்காமல் இருக்க முடியாது. அதற்காக எல்லாம் அன்றைக்கே நமக்குத் தெரியும் என்று மார் தட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கணையம் என்ற உறுப்புக்கும் இந்த வியாதிக்கும் உள்ள சம்பந்தம் 1889-ல் ஜெர்மனியில் மெரிங், மின்கோவ்ஸ்கி என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் உறுதியாயிற்று.

ஆனால் சுச்ருதர் சொன்ன சிகிச்சையை நம் அங்கத்தினர்கள் அவசியம் தெரிந்து கொள்ள வேண்டும். ஏழை நோயாளியாக இருந்தால் செருப்பு, குடை இல்லாமல், பிக்ஷை எடுத்துச் சாப்பிட்டுக் கொண்டு, ஓர் ஊரில் ஒரு ராத்திரிக்கு மேல் தங்காமல் நூறு யோஜனை நடக்க வேண்டும். பணக்காரனாக இருந்தால் ச்யாமாகம், நீவாரம் போன்ற புல்லரிசிகளையும் நெல்லிக்காய், விளாம்பழம் போன்றவற்றையும் சாப்பிட்டுக் கொண்டு பசுக்களின் பின்னால் அலைய வேண்டும். மற்றவர்கள் உழ வேண்டும், அல்லது கிணறு வெட்ட வேண்டும். பிராமணனுக்கென்று தனியாக ஒரு விதி உண்டு. அறுவடையான வயலில் சிந்திக் கிடக்கும் தானியத்தைப் பொறுக்கி, அந்தச் சிலோஞ்ச விருத்தியிலேயே ஜீவிக்க வேண்டும். குனிந்து நிமிர்ந்து நாள் முழுக்கப் பொறுக்கினாலும் ஒரு கைப்பிடி தேறுமா? நடையும் ஆயிற்று, அளவும் ஆயிற்று. மாம்பலத்திலும் மாதுங்காவிலும் கரோல் பாகிலும் இன்று காலை ஆறு மணிக்குக் கான்வாஸ் ஷூவோடு கிளம்புகிறவர்கள் இதைத்தான் வேறு விதத்தில் செய்கிறார்கள்.

மேல்நாட்டாரின் கதை வேறு. 1674-ல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் சிறுநீர் தேன் போல் இனிப்பதாக எழுதினார். 1776-ல் மாத்யூ டாப்சன் அதைக் காய்ச்சி வற்ற வைத்து, தங்கியது சர்க்கரையே என்று காட்டினார். அதற்குப் பின் 1797-ல் ஜான் ரோலோ என்ற ராணுவ வைத்தியர் மெரிடித் என்ற பருத்த காப்டனுக்கு ஒரு பத்தியம் போட்டார். தானியம், காய் எல்லாம் நிறுத்தம். ரத்தத்தையும் கொழுப்பையும் சேர்த்துச் செய்த ஒரு பண்டம், நாள்பட்ட கொழுத்த மாமிசம், இவைதான் ஆகாரம். வாசகர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் காப்டன் இளைத்தார், சர்க்கரையும் குறைந்தது. அடுத்த நூறு வருஷங்களுக்கு மேல் ஐரோப்பாவில் சர்க்கரை வியாதி என்றால் மாமிசம்தான் மருந்து என்று ஆகிவிட்டது.

பாரிஸில் அப்போலினேர் பூஷார்தா என்ற ஒருவர் இருந்தார். 1870-71-ல் பிரஷ்யப் படைகள் பாரிஸ் நகரத்தை முற்றுகையிட்டு, ஜனங்கள் ரொட்டிக்குத் திண்டாடிய மாதங்களில், தம்முடைய நோயாளிகள் சிலரின் சிறுநீரில் சர்க்கரை காணாமல் போனதை அவர் கவனித்தார். கூடிய மட்டும் குறைவாகச் சாப்பிடுங்கள் என்பதே அதன் பிறகு அவருடைய உபதேசம். இதே காலத்தில் இத்தாலியில் கந்தானி என்பவர் நோயாளிகளை அறைக்குள் வைத்துப் பூட்டிச் சிகிச்சை செய்தார், திருட்டுத்தனமாகச் சாப்பிட்டு விடுவார்கள் என்று. இங்கேதான் இந்தச் சரித்திரத்தில் போலீஸும் திருடனும் நுழைகிறார்கள். நோயாளி என்றாலே சந்தேகத்துக்குரியவன்.

இதன் உச்சத்தை அமெரிக்காவில் பிரடெரிக் ஆலன் என்ற டாக்டரிடம் பார்க்கிறோம். 1910-களில் அவர் கொண்டு வந்தது பட்டினி வைத்தியம். சிறுநீரில் சர்க்கரை நிற்கும் வரை பட்டினி, பிறகு உயிர் தங்குகிற அளவுக்கு மட்டும் ஆகாரம். கல்நெஞ்சக்காரர் அல்ல அவர். அன்றைக்கு வேறு வழியே இல்லை. இந்த வியாதி வந்த குழந்தைகள் அதிக நாள் பிழைத்ததில்லை, ஆலன் கையில் சில வருஷங்கள் கூடுதலாக இருந்தார்கள். அவரிடம் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். வியாதியால் கண் பார்வை போய்விட்டது. காவலில் வைத்திருந்தும் சர்க்கரை நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால், பையன் பற்பசையைத் தின்றிருக்கிறான். தனக்கு விளையாட்டுத் துணையாகக் கேட்டு வாங்கிய கேனரிப் பறவையின் கூண்டிலிருந்து அதற்குப் போட்ட தானியத்தையும் எடுத்துத் தின்றிருக்கிறான். இதை ஆலனே எழுதி வைத்திருக்கிறார். தேசிய நூலகத்தில் இந்தக் கதையைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து மரத்தடியில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

1922-ஆம் வருஷம் ஜனவரி 11-ஆம் தேதி டொரான்டோ நகர ஆஸ்பத்திரியில் லெனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அது சரிப்படவில்லை. காலிப் என்ற ரசாயன நிபுணர் சுத்தம் செய்து கொடுத்த மருந்தை ஜனவரி 23-ல் போட்டதும் பையன் தேறினான். பான்டிங், பெஸ்ட், மெக்லியோட், காலிப் என்ற நால்வரின் சண்டை சச்சரவெல்லாம் தனிக் கதை. அதே வருஷம் ஆகஸ்ட் மாதம் அமெரிக்க வெளியுறவு மந்திரி ஹியூஸின் மகள் எலிஸபெத்தை டொரான்டோவுக்கு அழைத்து வந்தார்கள். ஆலனின் பட்டினியில் மூன்று வருஷம் தாக்குப்பிடித்த பெண். பதினைந்து வயது நிரம்பும் தறுவாயில் எடை சுமார் 20 கிலோ. ஊசி ஆரம்பித்த சில வாரங்களில் வயிறாரச் சாப்பிட ஆரம்பித்தாள். கல்யாணமாகிக் குழந்தைகள் பெற்று 1981 வரை இருந்தாள். ஆனால் தனக்கு இந்த வியாதி என்று வெளியே தெரிவதை மட்டும் கடைசி வரை அவள் விரும்பவில்லை. பட்டினி போயிற்று, வெட்கம் போகவில்லை.

கல்கத்தாவுக்கு வருவோம். 1907-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் கூட்டத்தில் வெப்ப நாடுகளில் நீரிழிவு என்ற தலைப்பில் ஒரு விவாதம் நடந்தது. அதில் இந்த ஊர் டாக்டர் கைலாஸ் சந்திர போஸின் பங்கு முக்கியமானது. உட்கார்ந்து மூளையால் வேலை செய்யும் வசதி படைத்த வங்காளி பத்ரலோக் குடும்பங்களில் இது மண்டிக் கிடப்பது அப்போதே பேசப்பட்டது. ஜட்ஜ், வக்கீல், ஹெட் கிளார்க் எல்லாரும் அகப்பட்டார்கள். முப்பது வருஷம் கழித்து, 1937-ல், தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து ஸ்டெனோவாக அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் என் அப்பா.

லேக் மார்க்கெட் பக்கத்தில் வாடகை வீடு. மார்க்கெட்டில் முருங்கைக்காயும் வாழை இலையும் கிடைத்தன, காப்பிக் கொட்டை வறுத்து அரைத்துக் கொடுத்தார்கள், ஆகவே ஊர் ஞாபகம் வராமல் ஓடிற்று. கூடவே வங்காளத்துத் தித்திப்பும் வந்து சேர்ந்தது. குளிர் காலத்தில் ஈச்ச வெல்லம் வரும். அதில் செய்யும் நொலேன் குர் சந்தேஷ் அப்பாவுக்குப் பிராணன். 1956-ல் அவருக்கு 41 வயதில் காலில் ஒரு கொப்புளம் ஆறாமல் போய், வியாதி என்று தெரிந்தது. டாக்டர் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தார். 1950-ல் அமெரிக்காவில் ஏற்பட்ட உணவு மாற்றுப் பட்டியலின் வழி வந்தது அது என்று இப்போது தெரிகிறது. தானியத்தைப் பாதிக்குப் பாதி குறைத்து, அந்த இடத்தில் மாமிசம், மீன், முட்டை என்று போட்டிருந்தது. "நமக்கு இதில் என்ன இருக்கு?" என்று அம்மா கேட்டாளாம். டாக்டர் யோசித்துவிட்டு, "சாதத்தை நிறுத்தி சப்பாத்தி சாப்பிடச் சொல்லுங்கோ" என்று சொல்லி அனுப்பினார்.

இந்த ஒரு வாக்கியம் நம்மவர்கள் வீடுகளில் வேதவாக்காக இன்றும் நிலைத்திருக்கிறது. சாதம் விஷம், சப்பாத்தி அமிர்தம். அப்பா ராத்திரிக்கு ஏழு சப்பாத்தி சாப்பிடுவார், அம்மா கணக்குப் பார்க்க மாட்டாள், சப்பாத்திதானே! 1971-ல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பட்டியல் கோபாலன் முதலியோர் பெயரில் வெளிவந்தது. அதைப் பார்த்தால், 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் மாவுச்சத்து 78 கிராம், முழுக் கோதுமை மாவில் 69 கிராம், கேழ்வரகில் 72 கிராம். கலோரி மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றேதான். 1981-ல் டொரான்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 62 உணவுகளுக்கு, அவை ரத்தச் சர்க்கரையை ஏற்றும் வேகத்தைக் குளூக்கோஸை நூறாக வைத்து அளந்து வெளியிட்டார்கள். அதில் வெள்ளை அரிசிச் சாதம் 72, முழுக் கோதுமை ரொட்டியும் 72. பயறு வகையைச் சேர்ந்த மைசூர்ப் பருப்புக்கு 29. சப்பாத்தி வேறு, அடுமனை ரொட்டி வேறு என்பது வாஸ்தவம். ஆனாலும் ஏழு சப்பாத்திக்கு அதில் அனுமதிச் சீட்டு எதுவும் இல்லை. அப்பாவின் அந்தத் தாளில் பருப்புக்கும் அவரைக்காய்க்கும் மூலையில்தான் இடம்.

அந்தக் காலத்தில் வீட்டில் சோதனை என்றால் பெனடிக்ட் திரவம்தான். காலையில் அப்பா கொல்லைப்புற வராந்தாவில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றிக் கொண்டு உட்காருவார். கண்ணாடிக் குழாயில் ஐந்து மில்லி நீலத் திரவம், அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர், கொதிக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பிறகு பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் சிவப்பு. ஆசாரக்காரியான பாட்டி அந்தப் பக்கமே வரமாட்டாள். நிறத்தைப் பார்த்து அப்பா ஒரு நீள நோட்டில் குறித்துக் கொள்வார். அந்த நோட்டை யாரும் தொடக் கூடாது. ரத்தத்தில் சுமார் 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் தெரியும் என்பதால் நீலம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டதெல்லாம் பாதி ஏமாற்றுதான். இருந்தாலும் அன்றைக்கு அதுதான் இருந்தது.

நோட்டு அங்கே இருக்க, வீட்டில் நடந்தது கந்தானியின் பூட்டிய அறைதான். பண்டிகை வந்தால் பட்சணத் தூக்கு அம்மாவின் பீரோவில் ஏறிவிடும். சாவி இடுப்பில். "வேண்டாம்னா கேக்கறேளா? நாலு குழந்தைகளை வெச்சுண்டு நான் என்ன பண்ணுவேன்?" என்பாள். அப்பா பதில் பேச மாட்டார். ஆபீஸிலிருந்து வரும் வழியில் சந்தேஷ் வாங்கி, ஹாலில் இருந்த சட்டப் புத்தகங்களின் பின்னால் மண் கலயத்தோடு வைத்து விடுவார். இது எனக்கும் தங்கைக்கும் தெரியும். ஒரு நாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது, இருட்டில், புஸ்தக அலமாரி ஓரமாக நின்றுகொண்டு அவர் அவசரம் அவசரமாக வாயில் போட்டுக் கொள்வதைப் பார்த்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது. அவரும் என்னைப் பார்த்துவிட்டார். இரண்டு பேரும் பேசவில்லை, அப்போதும் சரி, பிறகும் சரி. ஆலனின் குருட்டுப் பையனைப் பற்றிப் படித்த அன்று மரத்தடியில் எனக்கு ஞாபகம் வந்தது இதுதான்.

அம்மா 2001-ல் காலமானாள். வீட்டைக் காலி செய்யும்போது அந்த நீள நோட்டுகள் மூன்று கிடைத்தன. இருபத்து மூன்று வருஷத்து நிறங்கள். கணக்குப் பிரிவில் இருந்தவன் ஆதலால் வரிசையாகப் படித்தேன். நான் எதிர்பார்த்தது வேறு. திருடிச் சாப்பிட்டவர் நோட்டிலும் பொய் எழுதியிருப்பார் என்று நினைத்தேன். இல்லை. சந்தேஷ் பருவமான மார்கழி, தை மாதங்களில் "செங்கல்", "செங்கல்", "ஆரஞ்சு" என்று ஒளிவுமறைவு இல்லாமல் இருந்தது. என் பூணூல் மறுநாள், செங்கல். தங்கை கல்யாணத்தை ஒட்டி ஐந்து நாள், செங்கல்.

ஒரே ஒரு காலகட்டம் மட்டும் வித்தியாசமாக இருந்தது. 1965-ன் பிற்பகுதியில் நீலமும் பச்சையுமாகப் பக்கம் பக்கமாகப் போயிற்று. கல்கத்தா வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். அந்த வருஷம் பிரபுல்ல சந்திர சென் அரசாங்கம், பால் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் போக வேண்டும் என்று, சேனாவில் செய்யும் இனிப்புகளுக்குத் தடை போட்டது. சந்தேஷும் ரசகுல்லாவும் கடைகளில் இல்லை. ஊரே துக்கம் காத்தது. அதோடு ரேஷன், அரிசி கொஞ்சம், கோதுமை கொஞ்சம், சர்க்கரை அளவோடு. சாஸ்திரிஜி திங்கட்கிழமை ராத்திரி ஒரு வேளை சாப்பாட்டை விடச் சொன்னதும் அப்போதுதான். எங்கள் வீட்டில் அதைச் சிரத்தையாகச் செய்தோம். பூஷார்தா பாரிஸ் முற்றுகையில் கண்டதை என் அப்பாவின் நோட்டு கல்கத்தாவில் கண்டிருக்கிறது! இங்கிலாந்தில் ஹிம்ஸ்வொர்த் என்ற அறிஞர், இரண்டு உலகப் போர்களிலும் உணவுக் கட்டுப்பாடு வந்தபோது நீரிழிவுச் சாவுகள் குறைந்ததை எடுத்துக் காட்டியிருக்கிறார். ஊருக்கே இல்லை என்னும்போது ஒருவருக்கும் திருடத் தோன்றவில்லை. அந்த மாதங்களில் அப்பாவின் முகத்தில் இருந்த ஒரு நிம்மதியும் எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது. தனக்கு மட்டும் என்ற இலை அப்போது அவருக்கு இல்லை. இது மகனின் ஊகம்தான், விஞ்ஞானம் அல்ல.

பஞ்சத்தை யாரும் வைத்தியமாக வேண்டிக் கொள்ள முடியாது. அதற்கு அப்பால் என்ன வழி என்பதற்கு எழுபதுகளின் பிற்பகுதியில்தான் விடை தெரிய ஆரம்பித்தது. அமெரிக்காவில் கென்டக்கியில் ஜேம்ஸ் ஆண்டர்ஸன், தானியத்தைக் குறைக்காமல் நார்ச்சத்தை ஏற்றிக் கொடுத்துப் பார்த்து, சர்க்கரை குறைவதைக் கண்டார். நம் சென்னை ராயபுரத்தில் 1954 முதல் நீரிழிவுக்கென்றே தனி மருத்துவமனை நடத்திய டாக்டர் எம். விசுவநாதனும், தானியத்தில் வாழும் நம் ஜனங்களுக்கு அமெரிக்கப் பட்டியல் பொருந்தாது என்று, மாவுச்சத்தும் நார்ச்சத்தும் கூடிய நம் சைவச் சாப்பாட்டையே பத்தியமாக வகுத்தார். கீரை, அவரை, கொத்தவரங்காய், பயறு, பருப்பு. நம் சிராத்தச் சமையல் காய்களை நினைத்துப் பாருங்கள்: பாகற்காய், புடலங்காய், அவரை, கொத்தவரை. உருளைக்கிழங்குக்கு இடமே இல்லை. அந்த அதிரசத்தையும் பாயசத்தையும் மட்டும் பித்ருக்களுக்கு விட்டுவிட்டால் டாக்டர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள்.

அப்பாவுக்கு அது எட்டவில்லை. எழுபதுகளில் மாத்திரை போதாமல் ஊசிக்கு வந்துவிட்டார். அன்றைய இன்சுலின் மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து எடுத்தது. பாக்டீரியாவைக் கொண்டு செய்த மனித இன்சுலின் 1982-ல்தான் வந்தது. பாட்டிக்கு "டானிக் ஊசி" என்று சொல்லி வைத்திருந்தோம். அப்பாவுக்குத் தெரியும், சீசாவில் எழுதியிருந்ததே. அவர் ஊசி போட்டுக் கொண்ட பிறகுதான் குளிப்பார், பிறகு சந்தியாவந்தனம். இதைப் பற்றியும் அவர் யாரோடும் பேசியதில்லை.

எழுபதுகளின் முற்பகுதியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எடுத்த கணக்கில் நகரங்களில் நூற்றுக்கு 2.1 பேருக்கும் கிராமங்களில் 1.5 பேருக்கும் இந்த வியாதி இருந்தது. 2023-ல் அதே கவுன்சிலின் பெரிய ஆய்வு வெளிவந்தபோது நூற்றுக்கு 11.4, அதாவது 10 கோடிப் பேருக்கு மேல். நகரங்களில் 16.4. சோதிக்கும் முறைகள் மாறியிருப்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிடுவது நியாயம் இல்லை. ஆனாலும் ஏற்றம் ஏற்றம்தான். "நான் ஒல்லிதானே" என்று சொல்லுபவர்களுக்குப் புனே டாக்டர் யாஜ்னிக்கின் ஒரு புகைப்படம் உண்டு. 2004-ல் லான்ஸெட் இதழில் வந்தது. அவரும் லண்டன் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்பில் கொழுப்போ, வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2.

என் கதையைச் சொல்லாமல் விட்டால் அப்பாவுக்குத் துரோகம். 1994-ல் வந்தபோது எனக்குக் கையில் கருவி இருந்தது, விரலைக் குத்தினால் எண் தெரியும். டாக்டர் தினமும் எழுதி வரச் சொன்னார். ஏழு வருஷம் நான் எழுதிக் கொண்டு போனது பெரும்பாலும் பொய். 240 என்று வந்தால் 150 என்று எழுதுவேன். சோதனைக்கு இரண்டு நாள் முன்பு பட்டினி கிடந்து நல்ல பிள்ளையாகப் போவேன். மூன்று மாதச் சராசரி காட்டும் ஏ1சி சோதனை பரவலாக வந்து என்னைக் காட்டிக் கொடுத்தது. ஒரு தடவை இந்தப் பட்டினியில் மாத்திரையும் போட்டுக் கொண்டு, கரியாஹாட்டில் டிராமிலிருந்து இறங்கும்போது கண் இருட்டி வியர்த்து விழுந்தேன். பழக்கடைக்காரர் ஒருவர் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினார்.

2001-ல் அந்த நோட்டுகளைப் படித்த பிறகு பொய் எழுதுவதை நிறுத்தினேன். அதற்குப் பிறகுதான் சாப்பிட்டதையும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. எனக்கு இரண்டு இட்லி சாம்பாரோடு பரவாயில்லை, கேழ்வரகுக் கஞ்சி ஏற்றுகிறது. அரைக் கிண்ணம் சாதத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் பொரியல் சாப்பிட்டால் முப்பது, நாற்பது குறைகிறது. ஏகாதசிப் பலகாரம் என்ற பெயரில் ஜவ்வரிசி உப்புமா சாப்பிடுவது சாதாரண நாளைவிட மோசம். இவை என் உடம்பின் கணக்கு, மற்றவர்களுக்கு மாறும். வியாதியின் விளிம்பில் இருக்கும் இளையவர்களுக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தி உண்டு. 2006-ல் வெளியான டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினரின் சென்னை ஆய்வில், நடையும் ஆகார ஒழுங்கும் மட்டுமே, வியாதி வருவதை 28.5 சதவீதம் குறைத்தன. மாத்திரை கொடுத்தவர்களுக்குக் கிடைத்த பலன் அதைத் தாண்டவில்லை.

மூன்றாவது நோட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1977 வாக்கில் அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. குழாயில் நிறம் தெரியாது. அங்கிருந்து எழுத்து மாறுகிறது. அம்மாவின் கையெழுத்து, பள்ளிக்கூடம் அதிகம் போகாதவளின் பெரிய பெரிய எழுத்து. தேதி, நிறம், சில நாட்களில் ஒரு குறிப்பு. 1978 தை மாதத்தில் ஒரு பக்கத்தில், "செங்கல். கேக்கலை" என்று இருக்கிறது. அதற்கு அடுத்த வாரம் மறுபடியும், "செங்கல். நானே ஒண்ணு குடுத்தேன். பாதி எனக்குக் குடுத்தார்."

அந்த நோட்டில் கடைசி நாற்பது பக்கங்கள் காலியாக இருந்தன. பண்டிகை நாட்களை மட்டும் அதில் நான் எழுதி வருகிறேன். சென்ற பொங்கலன்று எழுதியது: சர்க்கரைப் பொங்கல் இரண்டு கரண்டி, அவரைக்காய்க் கூட்டு, மோர். மத்தியானம் தூங்கவில்லை, லேக்கைச் சுற்றி ஒரு நடை. இரண்டு மணி நேரம் கழித்து 191.